வெல்டர் ஆடிய ஆட்டம்

விளையாட்டுப் பொருள் விற்பனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். விற்பனையைப் பெருக்கும் வழிகளைச் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை உங்கள் நிறுவனங்களே வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கின்றன. நான் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் எதிரே நின்றுகொண்டிருக்க, எவரிடமும் கலந்து பேச நேரமில்லாமல் ஒரு முடிவை எடுத்துவிட்டு, பிறகு அந்த முடிவோடு காலம் தள்ளுவது எப்படி என்பதை எந்த வகுப்பிலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதை மறைப்பது எனக்கு அழகன்று. நான் பணியாற்றிய கடையின் சரக்கை ஒரு தீபாவளிச் சமயத்தில் நானே வாடிக்கையாளர் முன்னால் பழித்துப் பேசினேன் என்றும், துறைமுகப் பக்கத்துப் போட்டிக் கடைக்காரர் ஒருவரிடம் கைநீட்டிப் பணம் வாங்கிவிட்டு அப்படிச் செய்தேன் என்றும் வடசென்னை வியாபாரிகள் நடுவே ஒரு பேச்சு உலவியது. இன்றும் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதன் முதற்பகுதி உண்மை. இரண்டாவது பகுதி பொய். இத்தனை ஆண்டுகளும் நான் மறுப்புச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் இன்னொருவருடைய வீட்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததுதான். இப்போது அந்த வீட்டில் அதைக் கேட்டு வருந்துவதற்கு எவரும் இல்லை.

கடை தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் இருந்தது. முன்பக்கம் பொம்மைகள், சாவி கொடுத்தால் ஓடும் கார்கள், பிளாஸ்டிக் மட்டைகள். வலது மூலையில் கண்ணாடி அலமாரி. அதில் டிவியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் இயந்திரங்களும் அவற்றுக்கான கேசட்டுகளும். அந்த மூலை என் பொறுப்பு. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் பொம்மைக் கடையில் நிற்பானேன் என்று கேட்டவர்களுக்கு நான் அன்றும் பதில் சொன்னதில்லை. முதலாளி பழைய வண்ணாரப்பேட்டை முஸ்லிம் வணிகக் குடும்பத்தவர்; எங்களுக்கெல்லாம் ‘பாய்’. அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "இன்னா எம்.ஏ., ரப்பர் பந்துக்கு டிமாண்ட் எப்டி கீது?" என்பதுதான் காலை வணக்கம்.

அந்த மூலைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, போட்டுக் காட்டுவது. விற்ற கேசட்டைத் திரும்பப் பெறுவது எங்கள் தொழிலில் இல்லை. ஆகவே எந்த இயந்திரமானாலும் எந்தக் கேசட்டானாலும், கடையில் இருந்த டிவியில் மாட்டி, வாங்குபவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டிய பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும். படம் தெளிவாக வந்தால் பேச்சு முடிந்தது. இரண்டாவது, அந்த டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெறுமனே ஓடினால் போதாது. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஆட வேண்டும். சாலையில் போகிறவர் கண்ணாடி வழியே பார்த்து நிற்பது அதற்காகத்தான். நான் ஆடமாட்டேன். வாடிக்கையாளர் முன்னால் கையில் பொத்தான் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் வெல்டர். அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கடையில் அனைவரும் அவரை வெல்டர் என்றுதான் அழைத்தோம். நாற்பது வயதைத் தாண்டியவர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் நீலச் சீருடையோடு, தோளில் சாப்பாட்டுப் பையோடு வருவார். முதல் நாள் விலை கேட்டார். இரண்டாம் நாள் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டார். சில வாரங்களில் மூலையைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு சிறிய மனிதன் பாலங்களையும் பள்ளங்களையும் தாண்டி ஓடும் ஆட்டம் அது. இளைஞர்கள் மூன்றாவது கட்டத்தில் விழுந்துவிடும் இடத்தை அவர் நிதானமாகக் கடந்து போவார். தீப்பொறிக்கு நடுவே இரும்பை ஒட்டவைத்துப் பழகிய கை, நடுங்காது. அவருக்குப் பின்னால் கூட்டம் நிற்கும். கூட்டத்தில் ஒருவராவது இயந்திரத்தின் விலையைக் கேட்பார்.

வாங்காத மனிதரை நாள்தோறும் நிற்கவிடலாமா என்று நான் பாயிடம் கேட்டபோது, "அவரு நிக்கிறதால நாலு பேரு நிக்கிறான் எம்.ஏ. டீ சொல்லு அவருக்கு" என்றார். தேநீர் கொடுத்தோம். அந்தத் தேநீர் போதுமான கூலி என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

ஒரு பிற்பகலில், கடையில் எவரும் இல்லாதபோது, இந்த நேரத்தில் தொழிற்சாலையில் உங்களைத் தேடமாட்டார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். அவர் வேலை பார்த்த பகுதியை மட்டும் மூடிவிட்டார்களாம். மற்ற பகுதிகள் நடக்கின்றன. வாசலில் சங்கு ஒலிக்கிறது. சுற்றியிருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர் குடியிருந்தது மணலி புதுநகரில். வழக்கம்போலப் பேருந்து ஏறுகிறார். திருவொற்றியூரில் இறங்காமல் எங்கள் கடை நிறுத்தத்தில் இறங்குகிறார்.

"வூட்ல சொல்லல சார். சொல்லணும். காலைல சோறு கட்டி கைல குடுக்கறப்ப வாய் வர மாட்டேங்குது" என்றார். பிறகு, "இங்க வந்தா நேரம் பூடுது. அத்த தாண்டிட்டா இத்த தாண்டலாம்னு ஒண்ணு வந்துகினே இருக்கு" என்று சொல்லி, அடுத்த பள்ளத்தைத் தாண்டினார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்போது அருகில் இருப்பவர் செய்யக்கூடியது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என்பது என் கருத்து. அதை நான் கடைப்பிடித்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை வேளை. கடையில் நகர இடமில்லை. வழக்கமாக ஷிப்டு விடும் நேரத்துக்கு வெல்டர் கிளம்பிவிடுவார். அன்று கூட்டம் விடவில்லை, ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று கையில் இருந்ததைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, என்னை உரசிக்கொண்டு, சரக்கு அடுக்கியிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் போனார். போகிற போக்கில், "எங்க வூட்டம்மா சார்" என்றார். டிவியில் அவருடைய ஆள் நின்ற இடத்திலேயே நின்று, அடிபட்டு, விழுந்தான். கூட்டம் கலைந்தது.

அந்த அம்மாள் நேரே என்னிடம் வந்தார். டிவி கேம் வேண்டும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "பொண்ணு கேட்டுகினே கீறா சார். எங்க வூட்டுக்காரருக்கு போனஸ் வந்துடும். அதுக்குள்ள சரக்கு தீந்துடப் போவுதேன்னு சீட்ட தள்ளி எடுத்துகினு வந்தேன்." ஏலச் சீட்டைத் தள்ளி எடுப்பது என்றால் முறை வரும்வரை காத்திராமல் நஷ்டத்துக்கு எடுப்பது. இல்லாத போனஸை நம்பி ஒரு பெண் அதைச் செய்துவிட்டு என் முன்னால் நிற்கிறார். போனஸ் வாங்கவேண்டிய மனிதர் எனக்குப் பின்னால், ஒரு துணிக்கு அப்பால், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

இனி நான் எழுதப்போவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. விற்றுவிடலாம், அந்தக் குடும்பத்தின் கடைசிக் கையிருப்பை நானே வாங்கிக் கல்லாவில் போட்டவன் ஆவேன். உண்மையைச் சொல்லலாம், அதற்கு எனக்கு உரிமையில்லை. சரக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. அலமாரி முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அம்மாள், "போட்டுக் காமி சார்" என்றார்.

போட்டுக் காட்டினேன். கேசட்டை முழுவதும் அமுக்காமல் ஒரு நூலளவு தூக்கலாக வைத்தால் படம் வராது. கோடுகளும் சிதைந்த எழுத்துகளும்தான் வரும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது. அப்படித்தான் வைத்தேன். திரையில் கோடுகள் ஓடின. வேறு இயந்திரம் போடச் சொன்னார். அதையும் அப்படியே வைத்தேன்.

"நல்லா வர்ற மெசினு ஒண்ணுகூட இல்லியா சார் இவ்ளோ பெரிய கடைல?"

"இந்த லாட்டே சரியில்லம்மா. இப்ப எடுக்காதீங்க. பொங்கலுக்கு வாங்க, பார்ப்போம்" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னேன். அப்போதுதான் அவர் நம்புவார். பக்கத்தில் ஒருவர் பணம் கட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த பெட்டியை மெல்ல அலமாரியில் திரும்ப வைத்தார். கல்லாவில் இருந்த பாய் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "விக்கிறவரே வாணான்றாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

வெல்டர் வெளியே வந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "போனஸுன்னு சொல்லுச்சுல்ல சார்?" ஆமாம் என்றேன். "சீட்ட வேற தள்ளி எடுத்துட்டா. இனிமே அந்தப் பணத்த கொண்டாந்துதான் ஆவணும்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கூட்டம் வடிந்ததும் பாய் எழுந்து வந்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் அந்த இரண்டு இயந்திரங்களையும் தாமே மாட்டி, கேசட்டை நன்றாக அமுக்கி, ஓட்டிப் பார்த்தார். இரண்டும் கண்ணாடிபோல வந்தன.

"சரக்கு நல்லாத்தான் கீது. நீ இன்னா பண்ண எம்.ஏ.?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அந்தத் தங்கச்சி இன்னாத்துக்கு வாங்க வந்துதுன்னு கேட்டியா?" என்றார். பெண்ணுக்கு என்று அவரே சொன்னாரே என்றேன். "அது வாய் சொல்லிச்சு. நீ கேட்டியா?" என்றார். "இனிமே போட்டுக் காட்றதா இருந்தா என்னையும் கூப்டு" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார். பல ஆண்டுகள் அந்த மூலையை ஆண்டுவந்த எனக்கு அந்த ஒரு சொல் எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மறுநாளே, எங்கள் கடைச் சரக்கு கோளாறு என்ற பேச்சு தெருவில் பரவியது. அந்தத் தீபாவளிக்கு மூலை காற்று வாங்கியது. நான் விலைபோனவன் என்ற கதை அப்போது பிறந்ததுதான். பாய் எவரிடமும் காரணம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெல்டரைப் பற்றித் தேநீர்க் கடைக்காரர் வழியாக ஒரு செய்தி வந்தது. ஒரு மேஸ்திரி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாராம். குஜராத் கடற்கரையில் பழைய கப்பல்களை வெட்டி உடைக்கும் வேலை. முன்பணம் கையில் கொடுத்து அழைத்துப்போயிருக்கிறார்கள். நான் செய்தது சரி, மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று அன்று நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு வார நாள் நண்பகலில் அந்த அம்மாள் வந்தார். மெலிந்திருந்தார், முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "பொங்கலுக்கு வரச் சொன்னியே சார்" என்றதும் தெரிந்தது. புதுச் சரக்கு வந்திருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அவரு இல்ல சார்" என்றார்.

கப்பலின் அடித்தொட்டி ஒன்றை வெட்டும்போது உள்ளே வாயு தங்கியிருந்திருக்கிறது. தீ பட்டதும் வெடித்தது. ஊருக்கு வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவற்றை அவர் அழாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கி நான் வந்தப்ப அவரு உள்ள இருந்தாரா?"

இரண்டாவது முறையாக எனக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் அந்த அம்மாள் என் முன்னால் நின்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமோ என்று இன்றும் எனக்குத் தெரியாது. "இருந்தார் அம்மா" என்றேன்.

தலையை ஆட்டினார். "அப்ப போனஸுன்னு சொன்னது அவரு காதுல உழுந்திருக்கும்" என்றார். பிறகு எனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல் பேசிக்கொண்டு போனார்.

"வேல போனது எனக்குத் தெரியும் சார். கம்பெனி சட்டைய தொவைக்கிறவ நான்தானே. பொறி பட்டு ஓட்டை உழும், கரி ஏறும், கல்லுல அடிச்சாலும் போவாது. அப்பறம் ஒண்ணுமில்ல. போட்டுகினு போனா மாதிரியே வருது சட்டை. ஒருநாள் ராயபுரத்துல எங்க அக்கா வூட்டுக்கு வந்துகினு இருந்தேன். கண்டெய்னர் லாரி அடைச்சிகினு பஸ்ஸு உங்க கடை வாசல்ல நின்னுபோச்சு. கண்ணாடில அவரு முதுவு தெரிஞ்சுது. எறங்கிப் போய் கேட்டுடலாம்னு பாத்தேன். கேட்டா தலைய தொங்கப் போட்டுக்குவாரு. அத்த என்னால பாக்க முடியாது."

அலமாரியில் இருந்த பெட்டிகளைக் கையால் காட்டினார்.

"அதான் மெசின வாங்கி வூட்ல வெச்சிடலாம்னு வந்தேன். பாத்தா அவருக்கே புரிஞ்சிடும்ல, இவளுக்குத் தெரியும்னு. ஊர்ல நின்னுகினு ஆடறத வூட்ல குந்திகினு ஆடட்டும், வேல கெடைக்கறப்ப கெடைக்கட்டும். எம் பொண்ணு அத்தையெல்லாம் தொட மாட்டா சார். அவரு கெளம்பியிருப்பாருன்னு நெனச்சேன். போனஸுன்னு சொன்னது உங்க முன்னாடி அவரு மரியாதைக்கு."

நண்பர்களே, நான் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு வேறு எந்த யோக்கியமான மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். இதை எவரிடமும் வாதிடத் தயார். ஆனால் எனக்குத் தெரிந்தவை எவ்வளவு குறைவு என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒருவர் ஒரு பொருளைக் கேட்கும்போது அது அவருக்குத் தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றும் நாள் வரும். நல்ல எண்ணத்தோடுதான் தோன்றும். அன்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேட்பதற்கு மனமில்லை என்றால், கேசட்டை நன்றாக அமுக்கி, போட்டுக் காட்டி, பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குள் அந்தப் பொருள் என்ன பேசப்போகிறது என்பது நமக்குத் தெரிந்த சங்கதி அன்று.

அந்த அம்மாள் அன்று இயந்திரம் வாங்க வரவில்லை. போகத் திரும்பியவர் டிவியைப் பார்த்து நின்றார்.

"அவரு இதுல இன்னா ஆடுவாரு சார்? அத்த ஒருவாட்டி போட்டுக் காமி."

கடையில் ஆட்டம் தெரிந்த வேறு எவரும் அப்போது இல்லை. பாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்தேன். சிறிய மனிதன் ஓடினான். முதற் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி ஓடவிட்டேன், பாலத்தில் அடிபட்டான். அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால், கூட்டம் நிற்கும் இடத்தில் நின்றார். எத்தனை முறை ஆடினேன் என்று நினைவில்லை. கடைசியில் எப்படியோ மூன்றாவது கட்டம் வரை போனேன். அங்கே விழுந்தேன்.

"இதுக்கு அப்பால அவரு போவாரா சார்?"

"போவார் அம்மா. வெகு தூரம் போவார்."

"அங்க இன்னா வரும்?"

நாள்தோறும் அவருக்கு அருகிலேயே நின்றிருந்தவன் நான். அந்த மனிதருக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன், திரையைப் பார்த்ததில்லை. தெரியாது என்றேன். அவர் நகரவில்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து ஆடத் தொடங்கினேன்.